ஆடியில் ஒரு பதவியேற்பு



ஆடி பிறந்துவிட்டால் நம் மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் புதுக்கடைக்குப் பூசை போடமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் நின்றுபோய், அச்சகத்தில் மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸ்தான் ஓடிக்கொண்டிருக்கும். வீடு கட்டி முடித்தவர்கூட ஆவணி வரட்டும் என்று பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்வார். காலங்காலமாக வரும் பழக்கம் இது.

ஆனால் இந்த நாட்டின் முதல் குடிமகனோ குடிமகளோ பொறுப்பேற்கும் நாள் ஆடியில்தான் வருகிறது. ஜூலை 25. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஆடி ஒன்பது அல்லது பத்து. 1977இல் நீலம் சஞ்சீவ ரெட்டி தொடங்கி 2022இல் திரௌபதி முர்மு வரை பத்துக் குடியரசுத் தலைவர்கள் வரிசையாக அதே தேதியில் பதவியேற்றிருக்கிறார்கள். யாரும் நல்ல நாள் பார்த்துக் குறித்ததில்லை. 1977 பிப்ரவரி 11 அன்று பக்ருதீன் அலி அகமது பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் பி.டி.ஜாட்டி இடைக்காலப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். தேர்தல் முடிந்து சஞ்சீவ ரெட்டி பதவியேற்ற நாள் ஜூலை 25. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஐந்தாண்டை முழுதாக முடித்து, அடுத்தவரிடம் ஒழுங்காக ஒப்படைத்து வந்ததால் அந்தத் தேதி அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு தேதி மாறாமல் இருப்பதற்குப் பின்னால் இத்தனை பேருடைய ஒழுங்கு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

ஆடி இதழ் இது. அதனால் அந்தப் பதவியேற்பைப் பற்றியே உங்களோடு பேசலாம் என்று தோன்றியது.

டெல்லியில் நடப்பதற்கும் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். தொடர்புக்கு ஒரு கணக்கே இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு 176. 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 4 கோடியே 11 லட்சத்து 99 ஆயிரத்து 168 பேர். அதை 234 தொகுதிகளால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் இந்த 176 வரும். உத்தரப் பிரதேசத்து உறுப்பினருக்கு 208, சிக்கிம் உறுப்பினருக்கு 7. நாம் வரிசையில் நின்று போட்ட ஓட்டு ஒரு சட்டமன்ற உறுப்பினரை உண்டாக்குகிறது. அவர் போடும் ஓட்டு நம் தலையெண்ணிக்கையைச் சுமந்துகொண்டு ராஷ்டிரபதி பவன் வரைக்கும் போகிறது.

அந்த வாக்குப் பெட்டி பயணம் செய்யும் முறையைக் கேளுங்கள். 2022 தேர்தலின்போது பெட்டிகள் டெல்லியிலிருந்து மாநிலத் தலைநகரங்களுக்கு விமானத்தில் வந்தன. சரக்கோடு சரக்காகப் போடவில்லை. பெட்டிக்கென்று தனி டிக்கெட். அதில் பயணியின் பெயர் 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்'. முன்வரிசையில், கொண்டுவரும் அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில், கண்ணெதிரே உட்கார்ந்துகொண்டு வந்தது பெட்டி. நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பச்சை வாக்குச்சீட்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு இளஞ்சிவப்பு. எழுதுவதற்கு ஊதா மை கொண்ட தனிப் பேனாவைத் தேர்தல் ஆணையமே கொடுக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் பேனாவை எடுத்து எழுத முடியாது. ஜூலை 18இல் வாக்குப்பதிவு, 21இல் எண்ணிக்கை, 25இல் பதவியேற்பு. முடிவு தெரிவதற்கும் பொறுப்பேற்பதற்கும் நடுவே இருந்தவை நான்கே நாட்கள்.

வீட்டில் ஒரு காதுகுத்து வைத்தாலே நான்கு நாளில் நமக்கு மூச்சு முட்டிப்போகும். அங்கே எல்லாம் முறைப்படி நடக்கிறது. பதவி முடியும் குடியரசுத் தலைவரும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் ராஷ்டிரபதி பவனிலிருந்து ஒன்றாகவே ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். உடன் வருவது குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை. 1773இல் தொடங்கப்பட்ட குதிரைப் படை அது. அந்தக் காலத்துக் கவர்னர் ஜெனரலுக்குக் காவலாக இருந்த படை, இன்று மக்கள் தேர்ந்தெடுத்த சபைகள் சேர்ந்து தேர்ந்தெடுத்தவருக்குக் காவலாக வருகிறது. 2022இல் காலை 10.15 மணிக்கு நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நிகழ்ச்சி. அரசியல் நிர்ணய சபை கூடி அரசியலமைப்பை எழுதிய அதே மண்டபம். தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான அறிவிப்பை உள்துறைச் செயலாளர் வாசிக்கிறார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி உறுதிமொழியைச் சொல்லிக்கொடுக்கிறார். புதியவர் கையெழுத்திடுகிறார். வெளியே 21 பீரங்கிக் குண்டுகள் முழங்குகின்றன.

இதற்கு நடுவே ஒரு காட்சி உண்டு. தொலைக்காட்சியில் பார்க்கும்போது கண் சிமிட்டினால் தவறிவிடும். மேடையில் நடுநாயகமான இருக்கையில் உட்கார்ந்திருந்த பழைய குடியரசுத் தலைவர் எழுந்து நகர்கிறார். இந்நேரம் வரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அந்த இருக்கைக்கு வருகிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கைகூப்பிக்கொண்டு இடம் மாறி உட்கார்கிறார்கள். அவ்வளவுதான். உலக வரலாற்றில் எத்தனை சிம்மாசனங்களுக்காக எத்தனை தலைகள் உருண்டிருக்கின்றன! இங்கே முப்படைகளின் தலைமைப் பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதற்கு இரண்டு பேர் எழுந்து இடம் மாறிக்கொண்டால் போதும் என்று ஆகியிருக்கிறது. குதிரை, பீரங்கி, ஊர்வலம் எல்லாம் இந்த ஒரு நிமிடத்தை நாடே நின்று கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்த மண்டபத்தில் நம்மவர்களும் நின்றிருக்கிறார்கள். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1962 மே 13இல் பொறுப்பேற்றார். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன் 1987இல், ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 2002இல். கடல் கடந்து பார்த்தால் சிங்கப்பூரில் எஸ்.ஆர்.நாதன் 1999 செப்டம்பர் 1இல், தர்மன் சண்முகரத்தினம் 2023 செப்டம்பர் 14இல்.

இவர்களுக்கெல்லாம் முந்தைய ஒரு காலையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1950 ஜனவரி 26. இன்று ராஷ்டிரபதி பவன் என்கிறோமே, அதே மாளிகையின் தர்பார் மண்டபம். காலை 10.18 மணிக்கு இந்தியா குடியரசாகிவிட்டது என்ற பிரகடனத்தை வாசித்தவர், ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவர்தான் அப்போது கவர்னர் ஜெனரல். சில நிமிடங்களில் தலைமை நீதிபதி ஹரிலால் கனியா முன்னிலையில் ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். தம் பதவியே இனி இல்லை என்று சொல்லும் தாளை ஒருவர் தம் குரலாலேயே வாசித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அதற்குப் பின் இந்த நாட்டில் கவர்னர் ஜெனரல் என்று யாரும் இருந்ததில்லை. பதவியேற்பு என்றால் ஏற்பவரை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். கொடுப்பவரையும் பார்க்க வேண்டும். கொடுப்பவர் முகம் கோணாமல் கொடுத்தால்தான் ஏற்பவருக்கும் அது பெருமை.

இவ்வளவு சடங்கும் தேவையா, ஒரு கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1923 ஆகஸ்ட் 3, பின்னிரவு. அதிபர் ஹார்டிங் இறந்துபோன செய்தி வெர்மான்ட் மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்கிறது. துணை அதிபர் கால்வின் கூலிட்ஜ் விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் மின்சாரம் இல்லை. அப்பா நோட்டரி பப்ளிக். மண்ணெண்ணெய் விளக்கைக் கூடத்து மேசையில் ஏற்றி வைத்து, இரவு 2.47 மணிக்குப் பெற்ற மகனுக்கு அவரே உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தார். குதிரை இல்லை, பீரங்கி இல்லை, மேடை இல்லை. அந்த நாடு அதை ஏற்றுக்கொண்டது.

2009 ஜனவரி 20. வாஷிங்டன் நகரமே மனிதத் தலையாக நிறைந்திருந்தது. பராக் ஒபாமாவுக்கு உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 35 சொற்கள் கொண்ட அந்த வாசகத்தில் ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். ஒபாமாவும் அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு எந்தச் சந்தேகமும் இருக்கக்கூடாதென்று மறுநாள் வெள்ளை மாளிகையின் ஓர் அறையில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் முன்னிலையில், மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள்.

விளக்கொளியில் சொன்ன சொல்லை ஒரு நாடு ஏற்றுக்கொண்டது. இத்தனை லட்சம் பேர் பார்க்கச் சொன்ன சொல்லில் ஒன்று இடம் மாறியதும் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. விழாவின் உயிர் எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் அரசியலமைப்பின் 60ஆவது பிரிவு அந்தச் சொற்களை எழுதி வைத்திருக்கிறது. மந்திரிகளும் உறுப்பினர்களும் அரசியலமைப்பின் மீது பற்றுறுதியோடு இருப்பேன் என்கிறார்கள். குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் மட்டும் ஒரு படி மேலே போய், அதைப் பேணிக் காத்து நிற்பேன், மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என்னை ஒப்படைப்பேன் என்கிறார்கள். ஒருவர் பற்று வைக்கிறார். இன்னொருவர் காவல் நிற்கிறார்.

விழா என்றால் என்ன என்று மணலூர்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறாரே, அதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பல நாட்களுக்கு முன்பே ஆற்றுமணலை மட்டம் செய்வார்கள். பந்தல் போடுவார்கள். கட்டை கட்டி வழி பிரிப்பார்கள். பஸ் எங்கே நிற்பது, ராட்டினம் எங்கே, கரும்புக் கட்டு எங்கே, காவலர் எங்கே என்று பேசிப் பேசி முடிப்பார்கள். வழியெல்லாம் ஊருக்கு ஊர் சாமியை நிறுத்தி மாலை சாற்றித் தீபாராதனை காட்டுவார்கள். எந்த ஊர் சாமிக்கு எந்த இடம் என்பதில் முறை உண்டு. அந்த முறை பிசகினால் மனத்தாங்கல் அடுத்த தை வரைக்கும் நீளும். இத்தனைக்கும் சாமியின் சூலத்தை ஆற்று நீரில் முழுக்காட்டும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் நாள் முழுக்கக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நிற்கிறோம். டெல்லி மண்டபத்தில் நடப்பதும் இதே மாதிரிதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2021 அக்டோபர் 20. கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பதவியேற்ற நாள். நம் பக்கத்தில் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டத்தோடு நானும் நின்றிருந்தேன். சாமியானா, இரண்டு வாழைமரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் சந்தனம், கற்கண்டு. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அதற்கு முன்னால் மேடை ஏறி அவர் பேசியதில்லை. அலுவலர் கொடுத்த தாளை வாங்கினார். கை நடுங்கியதால் தாளும் நடுங்கியது. வலது கை ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே படித்தார். 'இறையாண்மை' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் பள்ளிச் சீருடையோடு நின்றிருந்த அவர் மகள் உதட்டை அசைத்தாள். அம்மா அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படித்து முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்ததன் பலனை அன்று என் கண்ணால் பார்த்தேன்.

எல்லா இடத்திலும் நாற்காலி இப்படிக் கிடைத்துவிடுவதில்லை. 2020இல், பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியே வந்தது. படத்தைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. 2022 ஆகஸ்டில், பட்டியல் சமூகத்து ஊராட்சித் தலைவர்கள் தேசியக் கொடியேற்றுவதை எவரும் தடுக்கக்கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. டெல்லியில் முதல் குடிமகனே எழுந்து கைகூப்பி இடம் விடுகிறார். ஓர் ஊராட்சி அலுவலகத்தில் இடம் விட மனம் வராதவர்களுக்கு அரசியலமைப்பு இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

அரசியலமைப்பு போய்ச் சேரத் தாமதமாவது என்றால் என்ன என்று நம் கல்வராயன் மலைக்கு நன்றாகப் புரியும். அங்கே மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி பல தலைமுறையாக நடந்தது. அப்பனுக்குப் பின் பிள்ளை என்று பிறப்பு வழியில் வந்த நாற்காலி அது. நாடு குடியரசாகிக் கால் நூற்றாண்டு கழித்து, 1976இல்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. இன்று அதே மலையில் ஊராட்சித் தலைவர்கள் ஓட்டு வாங்கி வந்து, தாளைப் பார்த்து உறுதிமொழி படிக்கிறார்கள். பிறப்பால் வந்த பதவிக்கு உறுதிமொழி எதற்கு? யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டிய அவசியமே அதில் இல்லை. மக்கள் கொடுத்த பதவிக்குத்தான் மக்கள் எதிரே சொல்லும் சொல் தேவைப்படுகிறது.

2022 ஜூலை 25 அன்று மைய மண்டபத்தில் நின்ற திரௌபதி முர்மு, ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் உபர்பேடா என்ற சந்தால் பழங்குடிக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய பொதுவாழ்க்கை எங்கே தொடங்கியது தெரியுமா? 1997இல் ராய்ரங்க்பூர் என்ற சிற்றூரின் நகரப் பஞ்சாயத்தில் வார்டு கவுன்சிலராக. நம் மணலூர்பேட்டைப் பேரூராட்சியைப் போன்ற ஒரு மன்றம்தான். 2022 மார்ச் 2 அன்று நம் பேரூராட்சி உறுப்பினர்களும் தமிழ்நாடு முழுக்க உள்ள நகர்ப்புற உள்ளாட்சி உறுப்பினர்களும் பதவியேற்றார்களே, அதே மாதிரி ஒரு நாளில், ஒரு சின்னக் கட்டடத்தில்தான் அவரும் தொடங்கியிருக்கிறார். ராய்ரங்க்பூர் வார்டிலிருந்து ராஷ்டிரபதி பவனுக்குப் போய்ச் சேர 25 ஆண்டுகள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து நம் ஊரிலோ உங்கள் ஊரிலோ பதவியேற்பு நடக்கும்போது, ஜெயித்தவர் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்று பார்க்காமல் போய் நில்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சால்வையும் பிளக்ஸும் கொஞ்சம் குறையட்டும். உறுதிமொழியை ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள். பதவி முடிந்தவரை அழைத்து மேடையில் உட்கார வைத்து, அவர் கையாலேயே புதியவரை நாற்காலியில் அமர்த்தச் சொல்லுங்கள். அந்த நாற்காலி யாருக்கு மறுக்கப்பட்டாலும் எழுந்து நின்று கேளுங்கள். படித்த வாசகத்தை வீட்டுக்கு வந்து எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டும் அது கையில் இருக்கட்டும்.

ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டோம், புதுவீடு புகமாட்டோம். ஆனால் ஆடிப்பட்டம் தேடி விதைப்பதும் நாம்தான். தென்பெண்ணைக் கரையில் இப்போது ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் இந்த ஆண்டு நல்ல விளைச்சல் அமையட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்